மீண்டும் வேலைக்குப் போகும்போது என்ன உடுத்துவது?

வாசகி ஒருவரின் கேள்வி, ஏப்ரல் 14, 2024

பிள்ளைகளுக்காக ஆசிரியர் வேலையை விட்டவள் நான். மூத்தவள் கல்லூரிக்குப் போய்விட்டாள், சின்னவன் ஒன்பதாம் வகுப்பு. ஈரோட்டில் ஒரு தனியார் பள்ளியில் நேர்காணலுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். நான் வேலை பார்த்த காலத்தில் கஞ்சி போட்ட பருத்திப் புடவை கட்டினால் போதும், அதற்குமேல் யாரும் கேட்கமாட்டார்கள். இப்போது ஒரு பள்ளியில் புடவைக்கு மேல் கோட்டு என்கிறார்கள், இன்னொன்றில் சுடிதார் போடலாம் என்கிறார்கள், வேறொன்றில் ஆசிரியைகளுக்கே சீருடைப் புடவையாம். பத்துப் புடவையாவது புதிதாக எடுத்து ரவிக்கையும் தைத்து வைத்துக்கொண்டுதான் நேர்காணலுக்கே போக வேண்டும், பழசைக் கட்டிக்கொண்டு போனால் இத்தனை நாள் வீட்டில் இருந்தவள் என்று பார்த்த உடனே தெரிந்துவிடும் என்கிறார் என் நாத்தனார். அவர் சொல்வது சரியா?

ஏப்ரல் 15

வாங்காதீர்கள். வேலை உத்தரவு கைக்கு வரும்வரை ஒரு ரவிக்கைத் துணிகூட வாங்காதீர்கள்.

நானும் அப்படித் திரும்பியவள்தான். திருச்சியில் ஒரு மெட்ரிக் பள்ளியில் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். 2009-இல் விட்டேன். 2022 ஜூனில் வேறொரு பள்ளியில் சேர்ந்தேன். அதே நாளில் சேர்ந்த ஆங்கில ஆசிரியையும் பிள்ளைகளை வளர்த்துவிட்டு வந்தவர். நேர்காணல் முடிந்த கையோடு அவர் என்.எஸ்.பி. சாலைக்குப் போய் வாரம் முழுவதற்கும் தேவையான புடவைகளை மொத்தமாக எடுத்துவிட்டார். பள்ளி திறந்த அன்று அலுவலக அறையில் எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் உறையை நீட்டினார்கள். உள்ளே சீருடைப் புடவை இரண்டு. திங்கள், புதன், வெள்ளி இதுதான் என்றார்கள். சனிக்கிழமை சுடிதார் போடலாம். அவர் ஆசையாக எடுத்த புடவைகளுக்கு வாரத்தில் இரண்டே நாள்தான் மிச்சம். சீருடையின் விலையை முதல் மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். ரவிக்கைத் தையல்கூலி அவரவர் பாடு.

நேர்காணலில் இதை யாரும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். கேட்க நமக்கு வாய் வருவதில்லை. இத்தனை வருடம் கழித்து ஒருவர் வேலை தருகிறேன் என்கிறார், உடையைப் பற்றிக் கேட்டால் என்ன நினைப்பாரோ என்று கேள்வி தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. கேளுங்கள். "ஆசிரியைகளுக்கு உடை விதி இருக்கிறதா, எழுத்தில் இருந்தால் ஒரு பிரதி கொடுங்கள்" என்று நேராகவே கேளுங்கள். சம்பளம், வேலை நேரம், விடுப்பு ஆகியவற்றோடு சேர்ந்த வேலை நிபந்தனைதான் இதுவும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஏப்ரல் 15, இரவு

நேர்காணலுக்கு எதைக் கட்டுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருப்பதில் நன்றாகத் துவைத்து இஸ்திரி போட்ட ஒன்று. பட்டு வேண்டாம். மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்வார்கள். கரும்பலகையின் மேல் விளிம்புவரை கையைத் தூக்க வேண்டியிருக்கும். முந்தானையை மடித்துத் தோளில் ஊக்குக் குத்தி, வீட்டிலேயே ஒருமுறை கையைத் தூக்கிப் பாருங்கள்.

இன்னொன்று. நேர்காணலுக்கு முன் ஒருநாள், பள்ளி விடும் நேரத்தில் வாசலுக்கு எதிரே போய் நில்லுங்கள். ஆசிரியைகள் என்ன உடுத்தி வெளியே வருகிறார்கள், கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு வருகிறார்களா, பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கிறார்களா, வண்டியில் போகிறார்களா என்று பாருங்கள். பள்ளியின் விளம்பரத் தாளில் இல்லாத விவரம் எல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் கிடைத்துவிடும்.

ஏப்ரல் 21

ரவிக்கையைப் பற்றித்தான் இந்த வாரம் முழுவதும் கேள்விகள். நியாயம்தான். பழைய புடவை இன்றைக்கும் கட்டலாம், பழைய ரவிக்கை போட முடியாது. இரண்டு பிரசவத்துக்குப் பிறகு தோளும் கையும் மார்பும் பழைய அளவில் யாருக்கு இருக்கின்றன?

பீரோவைத் திறந்து பழைய ரவிக்கைகளை உட்புறம் திருப்பிப் பாருங்கள். நல்ல தையற்காரர் பக்கத் தையலில் ஒரு விரற்கடையாவது துணி விட்டிருப்பார். அதைப் பிரித்துவிட்டால் ஒரு சுற்று பெரிதாகும். ஆனால் வெளுத்துப்போன துணியில் பிரித்த இடம் மட்டும் புது நிறத்தில் அக்குளிலிருந்து இடுப்புவரை ஒரு கோடாகத் தெரியும், பழைய ஊசித்துளைகளும் வரிசையாகத் தெரியும். முந்தானை மறைக்கிற இடப் பக்கம் கவலையில்லை. வலப் பக்கம்தான் வகுப்பு முழுவதும் பார்க்கும். அடர் நிற ரவிக்கைகளை மட்டும் பிரித்து, மற்றதை விட்டுவிடுவது நல்லது. கறுப்பு, அரக்கு, கருநீலம் என மூன்று நிறத்தில் பருத்தி ரவிக்கை புதிதாகத் தைத்தால் வீட்டில் இருக்கும் புடவைகளில் முக்கால்வாசிக்குப் பொருத்திவிடலாம். லைனிங் வேண்டாம். லைனிங் வைத்தால் கூலி இரட்டிப்பாகும், சித்திரை வெயிலில் வியர்வை உள்ளேயே நிற்கும்.

வைகாசி முகூர்த்தம் தொடங்கிவிட்டால் தையற்காரர் உங்களை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். துணியை இப்போதே கொடுத்துவிடுங்கள். (ரவிக்கைத் துணிகூட வாங்காதீர்கள் என்று மேலே எழுதியிருக்கிறாயே என்று ஒருவர் பிடித்துக்கொண்டார். வேலை கிடைத்துவிட்டால் அளவு ரவிக்கை ஒன்று தயாராக இருக்கட்டும், அவ்வளவுதான். கறுப்பு ரவிக்கை வீட்டுக்கும் ஆகும்.)

கோவையிலிருந்து ஒரு தோழி எழுதியிருக்கிறார். வெகு நாளைக்குப் பிறகு காலை ஏழரை மணிக்குப் புடவை கட்டி, தலை பின்னி, பையை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாராம். பல் தேய்த்துக்கொண்டிருந்த மகன் நுரையோடு வந்து "யாருக்கம்மா கல்யாணம்?" என்று கேட்டானாம். வீடே சிரித்ததாம். எங்கள் வீட்டிலும் படித்துக் காட்டினேன், சிரித்தார்கள்.

ஏப்ரல் 28

சென்னையிலிருந்து மென்பொருள் துறைப் பெண் ஒருவர் எழுதியிருப்பதை இங்கே வைக்க வேண்டும். அவருடைய சங்கடம் நமக்கு நேர்மாறானது.

தரமணியில் டைடல் பார்க் திறந்தது 2000-இல். அதற்கடுத்த ஆண்டுகளில் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். திங்கள் முதல் வியாழன்வரை அலுவலக உடை, வெள்ளிக்கிழமை மட்டும் ஜீன்ஸ் என்று அட்டவணையே இருந்த காலம். ஆண்கள் டை கட்டினார்கள். இரண்டாவது குழந்தை பிறந்தபோது வேலையை விட்டார். இப்போது திரும்பிப் போனால் இருபத்தைந்து வயதுக் குழுத்தலைவர் டி-சர்ட்டில் உட்கார்ந்திருக்கிறார். "விதியே இல்லை என்கிறார்கள். எதைப் போட்டாலும் நான் மட்டும் தனியாகத் தெரிகிறேன்" என்கிறார்.

இந்த மாற்றம் அவர் வீட்டில் இருந்த இடைவெளியில்தான் நடந்தது. இன்ஃபோசிஸ் 2015 ஜூனில் வாரம் முழுவதும் சாதாரண உடையில் வரலாம் என்று அறிவித்தது. பிறகு கொரோனா காலத்தில் எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்த்ததில் பல அலுவலகங்களில் மிச்சமிருந்த கட்டுப்பாடும் போய்விட்டது. இடைவெளி விட்ட பெண்களைத் திரும்ப அழைக்கும் திட்டங்களும் பெரிய நிறுவனங்களில் உண்டு. டாடா குழுமம் 2008-லேயே 'செகண்ட் கெரியர்' என்று ஒன்றைத் தொடங்கியது. இத்தகைய திட்டங்களில் வருகிறவர்களுக்குப் புது மென்பொருளைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். கூடவே முதல் நாள் என்ன உடுத்தி வருவது என்பதற்கும் ஒரு பத்தி எழுதி அனுப்பினால் என்ன குறைந்துவிடும்?

அவருக்கு என் யோசனை: குர்த்தியும் நேரான கால்சட்டையும். புடவையில் போனால் என்ன விசேஷம் என்று கேட்பார்கள், டி-சர்ட்டில் போக அவருக்கே மனம் ஒப்பவில்லை. குர்த்தியில் போகிறவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. முதல் மாதம் அப்படி யாரும் கேட்காமல் இருப்பதே நிம்மதி. பிறகு அவர் இஷ்டம்.

மே 5

"அரசு ஊழியர்களுக்கே சுடிதார் அனுமதி இருக்கும்போது தனியார் பள்ளி எப்படி மறுக்கலாம்?" என்று மூவர் கேட்டிருக்கிறார்கள். தெரிந்த விவரத்தைச் சொல்கிறேன்.

2019-ஆம் ஆண்டு மே இறுதியில் தமிழக அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. பெண்கள் புடவை, சல்வார் கமீஸ், துப்பட்டாவுடன் சுடிதார் இவற்றில் எதையும் அணியலாம். ஆண்கள் சட்டையும் முறையான கால்சட்டையும், அல்லது தமிழ்ப் பண்பாட்டைக் காட்டும் வேட்டி. துப்பட்டாவைக் கட்டாயமாக்கியது ஏன் என்று அப்போதே எதிர்ப்பு வந்தது. அந்த எதிர்ப்பு சரியானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் அந்த ஆணையால் ஒரு நன்மை விளைந்தது. இது சரி, இது தப்பு என்று மேலதிகாரி வாய்க்கு வந்தபடி சொல்ல முடியாமல் எழுத்தில் ஒன்று வந்துவிட்டது. 2023-இல் அரசுப் பள்ளி ஆசிரியைகள் சுடிதார் அணியலாமா என்ற கேள்வி எழுந்தபோது, தடையில்லை என்று பள்ளிக் கல்வி அமைச்சர் அன்பில் மகேஷ் பொய்யாமொழி தெளிவுபடுத்தினார்.

கேரளத்தில் இன்னும் தெளிவு. 2021 நவம்பரில், ஆசிரியைகளைப் புடவை கட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று உயர்கல்வித் துறை உத்தரவிட்டது. அப்போதைய அமைச்சர் ஆர். பிந்து தாமே திருச்சூர் கேரள வர்மா கல்லூரியில் பாடம் எடுத்தவர். தாம் அங்கே சுடிதாரில்தான் போய்வந்ததாகச் சொன்னார்.

மே 7

தலைமைச் செயலகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற அம்மா ஒருவர் ஒரு திருத்தம் அனுப்பியிருக்கிறார். 2019 ஆணை தலைமைச் செயலக அலுவலக நடைமுறை நூலைத் திருத்துவதற்காக வந்தது; தனியார் நிர்வாகத்தை அது கட்டாது. அதனால் அந்த ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு தனியார் பள்ளித் தாளாளரிடம் சட்டம் பேச முடியாது. எடுத்துக்காட்டாகக் காட்டலாம். அந்த அம்மாவுக்கு நன்றி.

மே 19

கோட்டு. இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், எழுத உட்கார்ந்தால் கோபம் வருகிறது என்பதால்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. தமிழ்நாட்டில் எத்தனையோ தனியார் பள்ளிகளிலும் பொறியியல் கல்லூரிகளிலும் ஆசிரியைகள் புடவைக்கு மேல் முழங்கால் நீளத்துக்கு ஒரு கோட்டு போட வேண்டும். ஆய்வகத்தில் போடுகிற கோட்டின் அதே வெட்டு, துணி மட்டும் பாலியஸ்டர். நான் 2009-இல் விட்டபோது எங்கள் பள்ளியில் அது இல்லை. இப்போதுள்ள பள்ளியில் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை எடுப்பவர்களுக்குக் கட்டாயம்.

மே மாதத் திருச்சியில் வெயில் 40 டிகிரியைத் தொடுவது சாதாரணம். சிறப்பு வகுப்பு என்று கூப்பிட்டுவிடுகிறார்கள். உள்பாவாடை, அதன்மேல் ஐந்தரை மீட்டர் புடவை, ரவிக்கை, அதற்கும் மேல் பாலியஸ்டர் கோட்டு. முந்தானை கோட்டுக்குள் சுருண்டு முதுகில் ஒரு மூட்டையாக நிற்கும். வடிவியல் கணக்கைப் பலகையின் மேல்பாதியில் போடக் கையைத் தூக்கினால் கோட்டின் கை அக்குளில் இழுக்கும், தோள் தையல் காது வரை ஏறும், இடுப்பில் கொசுவம் நெகிழும். இடது கையால் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டே வலது கையால் வட்டம் வரைந்து பழகியிருக்கிறோம் நாங்கள் எல்லோரும். மதியத்துக்குள் கழுத்துப்பட்டியில் சுண்ணாம்புத் தூளும் வியர்வையும் சேர்ந்து ஒரு கோடு பிடித்துவிடும். இரண்டு கோட்டு இருந்தால்தான் மாற்றிமாற்றித் துவைக்க முடியும்.

ஏன் இது? பெரிய வகுப்புப் பையன்களின் கவனம் சிதறுகிறதாம். பாடம் நடத்துகிற நாற்பது வயதுப் பெண்ணை மூடி வைத்துவிட்டால் பையன் கணக்கில் கவனமாகிவிடுவான் என்று நினைக்கிறார்கள். பதினைந்து வயதுப் பையனுக்குப் பெண்ணை மதித்துப் பார்க்கக் கற்றுக் கொடுப்பது பள்ளியின் வேலை. அந்த வேலையைச் செய்யாமல் அதற்குப் பதிலாக எனக்கு ஒரு கோட்டு. என் மகனும் பதினைந்து வயதுப் பையன்தான். அவனைப் பற்றி இப்படி நினைப்பது அவனுக்கும் அவமானம்.

மதுரையில் வழக்கறிஞராக இருக்கும் என் சித்தி மகள் சொன்னதைக் கேட்டால் உங்களுக்கும் கோபம் வரும். கறுப்புக் கோட்டுக்குப் பேர்போன தொழில் அவளுடையது. பார் கவுன்சில் ஆஃப் இந்தியா விதிகளின்படி உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள் தவிர மற்ற நீதிமன்றங்களில் கோடைக்காலத்தில் கறுப்புக் கோட்டு கட்டாயமில்லை. பெண் வழக்கறிஞர்கள் புடவைக்குப் பதிலாக வெள்ளை அல்லது கறுப்பு நிறச் சல்வார் குர்த்தா அணியவும் அந்த விதிகளில் இடமிருக்கிறது. நீதிமன்றமே வெயிலுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறது. பத்தாம் வகுப்பு 'பி' பிரிவில் விட்டுக்கொடுக்க முடியாதா?

வேலைக்குத் திரும்பும் பெண்ணுக்கு இது கூடுதல் சுமை. தொடர்ந்து இருப்பவர்கள் ஆண்டுக்கணக்கில் பழகிவிட்டார்கள், மூத்தவர்கள் என்பதால் முதல்வரிடம் பேசவும் முடியும். புதிதாக வந்தவள் வாயை மூடிக்கொண்டு வாங்கிப் போடுகிறாள். எங்கள் பள்ளியில் இந்த ஆண்டு எல்லோரும் சேர்ந்து கையொப்பமிட்டு, ஏப்ரல் முதல் ஜூன்வரையாவது கோட்டுக்கு விலக்குக் கேட்டிருக்கிறோம்.

ஜூன் 2

புடவையே வேண்டாம் என்கிறேனா என்று கேட்கிறார்கள். இல்லை. எனக்குப் புடவை பிடிக்கும். மதுரைச் சுங்குடி ஒன்றைக் கட்டிக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்தால் எனக்கே ஒரு தெம்பு வருகிறது. திரும்பிப் போன முதல் மாதங்களில், பாடத்திட்டம் மாறி, கணினித் திரையில் பாடம் நடத்தத் தெரியாமல் இளையவர்களிடம் கேட்டுக்கேட்டுக் கற்றுக்கொண்டிருந்தபோது, நன்றாகக் கட்டிய புடவைதான் என்னை நிமிர்த்தி வைத்திருந்தது. கோ-ஆப்டெக்ஸில் தீபாவளிக்கு 30 சதவீதத் தள்ளுபடி வரும்போது ஆண்டுக்கு இரண்டு எடுத்துவிடுவேன், இப்போதும்.

ஆனால் முதல் குறிப்புகளில் நான் எழுதியதெல்லாம் உயர்நிலை வகுப்பு ஆசிரியையின் அனுபவம். நாமக்கல்லில் மழலையர் வகுப்பு எடுக்கும் ஒருவர் எழுதியதைப் படித்த பிறகு விஷயம் எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது. அவர் நாள் முழுவதும் தரையில் உட்கார்ந்து எழுகிறார். குழந்தைகளைத் தூக்குகிறார், கழிப்பறைக்கு அழைத்துப் போகிறார், வாந்தியைத் துடைக்கிறார், ஓடுகிற பிள்ளையைப் பிடிக்கப் பின்னால் ஓடுகிறார். படியில் புடவை தட்டி ஒருமுறை விழுந்திருக்கிறார், அப்போது இடுப்பில் ஒரு குழந்தை. அவருக்கு வேண்டியது சுடிதார். தெம்பு என்று நான் சொல்வதை அவர் மேல் சுமத்த எனக்கு உரிமையில்லை. வேதியியல் ஆய்வகத்தில் எரியும் அடுப்புக்கு மேல் குனிகிறவருக்கும் அப்படித்தான். அங்கே கோட்டு வேண்டியதுதான், பருத்திக் கோட்டு.

இலங்கையிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். 2022-இல் அங்கே பொருளாதாரம் சரிந்து விலைவாசி எகிறியபோது, புடவைச் செலவு கட்டுப்படியாகவில்லை, வசதியான கண்ணியமான உடைக்கு அனுமதி வேண்டும் என்று ஆசிரியைகள் கேட்டார்கள். நவம்பரில் சிலர் வேறு உடையில் பள்ளிக்கே போய்ப் படம் எடுத்து வெளியிட்டார்கள். ஆசிரியைகளுக்குப் புடவைதான், மாற்றமில்லை என்று கல்வி அமைச்சர் சுசில் பிரேமஜயந்த சொல்லிவிட்டார். "நான் அப்போதுதான் இரண்டு பிள்ளைகளை வளர்த்துவிட்டுத் திரும்பியிருந்தேன். பால்மா (பால் பவுடர்) வாங்குவதா, புடவை வாங்குவதா என்று நின்றேன்" என்று எழுதுகிறார். இதற்கு நான் என்ன பதில் சொல்ல?

ஜூன் 3

சின்னக் குழந்தையை விட்டுவிட்டுத் திரும்புகிறவர்களை இதுவரை யாரும் பேசவில்லை என்று ஒரு தங்கை கேட்டாள். பேச வேண்டியதுதான். மகப்பேறு பலன் சட்டத்தில் 2017-இல் வந்த திருத்தம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வார விடுப்புத் தருகிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்த்துவரலாம். சரி, நான்கு முறை போகிறாள் என்றே வைத்துக்கொள்வோம். கோட்டைக் கழற்றி, தோளில் குத்திய ஊக்கை எடுத்து, பால் கொடுத்து, மறுபடி மடிப்பெடுத்து, ஊக்குக் குத்தி, கோட்டு மாட்டி வருவதற்குள் மணி அடித்துவிடும். முன்பக்கம் திறப்புள்ள குர்த்திக்கு அனுமதி கேளுங்கள் என்று அவளுக்கு எழுதியிருக்கிறேன். பால் கசிந்தால் வெளியே தெரியாத பூப்போட்ட அடர் நிறம் நல்லது.

ஜூன் 12

திங்கட்கிழமை பள்ளிகள் திறந்துவிட்டன. எங்கள் மனுவுக்குப் பாதிப் பதில் வந்திருக்கிறது: ஜூன் முடியும்வரை கோட்டு வேண்டாம், பிறகு பார்க்கலாம். எழுத்தில் தரவில்லை, கூட்டத்தில் வாயால் சொன்னார்கள். எழுத்தில் கேட்டிருக்கிறோம்.

ஜூன் 23

திருநெல்வேலியிலிருந்து வந்த கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன். ஆசிரியர் வேலை பற்றியே பேசுகிறீர்களே, எங்களைப் பற்றியும் எழுதுங்கள் என்கிறார். பத்தாம் வகுப்புவரை படித்தவர். மகள் செவிலியர் படிப்பில் சேர்ந்த பிறகு, திருமணத்துக்கு முன் பார்த்த அதே வேலைக்கு, ஜவுளிக் கடை விற்பனைக்குத் திரும்பியிருக்கிறார். அங்கே சீருடைப் புடவையைக் கடையே தருகிறது, ரவிக்கைக்கும் கொடுக்கிறார்கள். அந்த வகையில் எங்கள் பள்ளியைவிடக் கடை மேல்.

அவருடைய குறை வேறு. வழுக்கும் செயற்கை இழைப் புடவை. காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பதுவரை, திருவிழாக் காலத்தில் இன்னும் நேரம், ஏணியில் ஏறி மேல்தட்டிலிருந்து கட்டுகளை இறக்க வேண்டும். ஏணியில் அந்தப் புடவை காலடியில் சிக்குகிறது. உட்கார நாற்காலி உண்டு, உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் முறைக்கிறார்.

அம்மா, உட்காருங்கள். 2021-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி தர வேண்டும் என்று ஆக்கியது. நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்த உங்களைப் போன்றவர்களுக்காக வந்த திருத்தம் அது. கேரளம் 2018-லேயே இதைச் செய்தது. ஏணியில் ஏறும் வேலைக்குச் சுடிதார் கேட்பதும் நியாயமே. தனியாகக் கேட்காதீர்கள், உங்கள் தளத்தில் இருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து கேளுங்கள். தனியாகக் கேட்டால் "இவள் வந்த புதிதிலேயே" என்று ஆரம்பிப்பார்கள்.

இவருடைய கடிதத்தைப் படித்த பிறகு எனக்கு ஒரு விஷயம் உறுதியாகிவிட்டது. உடை விதி போடுகிறவர்தான் அந்த உடைக்குக் காசு கொடுக்க வேண்டும். ஜவுளிக் கடையால் முடிகிறது, லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் பள்ளியால் முடியாதா?

ஜூன் 30

காலணி பற்றிக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக: பின்பட்டி வைத்த தட்டையான செருப்பு. பளிங்குத் தரைப் பள்ளிகளில் குதிகால் உயர்ந்தது வேண்டவே வேண்டாம். புடவையின் நீளத்தை அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் பார்த்துக் கட்ட வேண்டும், ஃபால்ஸ் தைக்கக் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

எங்கள் பள்ளியின் எழுத்துப்பூர்வ பதில் இன்னும் வரவில்லை. நாளை ஜூலை பிறக்கிறது. கோட்டைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன், போடுவேனா என்பதை நாளைக் காலை எல்லோரும் சேர்ந்து முடிவு செய்வோம்.

ஜூலை 7

போடவில்லை. எங்களில் ஒருவரும் போடவில்லை. முதல்வர் வராண்டாவில் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது: வெப்பம் தணியும்வரை கோட்டு அவரவர் விருப்பம். தணிந்த பிறகு என்ன என்பது அதில் இல்லை. அதையும் கேட்போம்.

வேலையில் சேரும் முன் நிர்வாகத்துக்கு எப்படி எழுதுவது என்று பலர் கேட்டதால், எங்கள் பள்ளியில் இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த இருவருக்கு நான் எழுதிக் கொடுத்ததை அப்படியே தருகிறேன். உங்கள் இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

"மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கு, வணக்கம். தங்கள் பள்ளியில் ஆசிரியையாகச் சேரவிருக்கிறேன். ஆசிரியைகளுக்கான உடை விதிகளை எழுத்தில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். சீருடைப் புடவை உண்டென்றால் எத்தனை, அதன் விலையையும் தையல்கூலியையும் ஏற்பது யார் என்பதையும், மேல்கோட்டு உண்டென்றால் கோடை மாதங்களிலும் உடல்நலக் காரணங்களுக்காகவும் விலக்கு உண்டா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன். நெடுநாள் இடைவெளிக்குப் பின் பணிக்குத் திரும்புவதால், முதல் மாதச் சம்பளம் வரும்வரை என்னிடம் இருக்கும் புடவை அல்லது சுடிதாரில் வர அனுமதிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்."

இரண்டு பிரதி எடுங்கள். தேதி போட்டுக் கையொப்பமிட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் பெற்றுக்கொண்டதற்கு அலுவலக முத்திரை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.